எதிர்மாடியில் செல்போன் டவர்: கதிர்வீச்சை அளக்க எந்த வழி, யாரை அழைப்பது?

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் டவர் பேச்சு வந்தாலே மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. எதிர்க் கட்டடத்து டவர் சட்ட வரம்புக்குள் இயங்குகிறதா? என் படுக்கையறையில் கதிர்வீச்சு எவ்வளவு, எங்கிருந்து வருகிறது? நம் மொட்டைமாடியில் டவர் வைக்க வாடகை பேசி வந்திருக்கிறார்களே, ஒப்புக்கொண்டால் என்ன ஆகும்?

மூன்றுக்கும் விடை கிடைக்கும் இடம் வேறு வேறு. முதல் கேள்விக்கு ஆன்லைனில் வாங்கிய மீட்டரை நீட்டுவதும், மூன்றாவது கேள்விக்கு அளவீட்டு நிபுணரை அழைப்பதும்தான் பணமும் மாதங்களும் வீணாகும் இடங்கள். இன்னும் நிற்காத டவரை யாராலும் அளக்க முடியாது. கேள்வி எது என்று முதலில் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எந்த எண்ணோடு ஒப்பிடுகிறோம்

வழிகளை ஒப்பிடும் முன் அளவுகோல் தெளிவாக வேண்டும். அயனியாக்காத கதிர்வீச்சிலிருந்து பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் ஒன்று ஜெர்மனியில், மியூனிக் அருகே 1992 முதல் இயங்குகிறது. ஐக்னிர்ப் என்ற சுருக்கப் பெயரில் அதைச் சொல்வார்கள். 1998-இல் அது வெளியிட்ட பொதுமக்கள் வரம்பில் பத்தில் ஒரு பங்கை இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் டவர்களுக்கு நடைமுறைப்படுத்தியது. அந்தக் கணக்கின்படி 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800-இல் 0.9 வாட், 2000-க்கு மேல் 1 வாட். மின்புலமாகச் சொன்னால் முறையே மீட்டருக்கு 13, 18.4, 19.3 வோல்ட். வரம்புகள் திருத்தப்படக்கூடியவை. ஆகவே எந்த அறிக்கை வாங்கினாலும், எந்தத் தேதியிட்ட அறிவிப்போடு ஒப்பிட்டார்கள் என்பது அதில் எழுதியிருக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் கணக்குகள் 2012 எண்களை வைத்தே செல்கின்றன.

அலகுகளில் விழுபவர்கள் அதிகம். 0.45 வாட் என்பது 450 மில்லிவாட். அதுவே 4,50,000 மைக்ரோவாட். சதுர சென்டிமீட்டருக்கு மாற்றினால் 45 மைக்ரோவாட். மீட்டர் ‘11,500’ என்று காட்டும்போது எந்த அலகு என்று பார்க்காமல் 0.45-ஓடு ஒப்பிட்டால், தெருவே பற்றி எரிவதாகத் தோன்றும். வாட்டுக்கும் வோல்ட்டுக்கும் நடுவே இன்னொரு பொறி உண்டு: மின்புலத்தை வர்க்கப்படுத்தி 377-ஆல் வகுத்தால்தான் திறன் அடர்த்தி. வோல்ட் பாதியானால் வாட் கால் பங்காகும்.

இனி ஒரு பால்கனியை எடுத்துக்கொள்வோம். கட்டுரை முழுக்க இதே பால்கனிதான். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. எதிரே அறுபது மீட்டரில் மாடி டவர். பால்கனியில் 850 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில் மீட்டருக்கு 1.1 வோல்ட், 1800-இல் 1.4, 2300-இல் 0.9, 5ஜி ஓடும் 3500 பகுதியில் 0.6. நான்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் மொத்தம் 2.08 வோல்ட். திறன் அடர்த்தியில் சுமார் 11.5 மில்லிவாட், அதாவது 11,500 மைக்ரோவாட். வீடுகளுக்குள் எடுக்கும் அளவுகள் பெரும்பாலும் 1 வோல்ட்டுக்குக் கீழேயே இருக்கும். அந்த வகையில் இது கொஞ்சம் தூக்கலான பால்கனி.

ஆப், ஆன்லைன் மீட்டர்

செல்போனில் இறக்கும் ‘இ.எம்.எஃப். டிடெக்டர்’ ஆப்களை ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம். அவை படிப்பது போனுக்குள் இருக்கும் திசைகாட்டி உணரியை. அது காட்டும் 40 மைக்ரோடெஸ்லா பூமியின் காந்தப்புலம். டவர் அலை அதன் கண்ணுக்கே படாது. கைகர் கவுண்டரும் அப்படித்தான். அது எக்ஸ்ரே, காமா போன்ற அயனியாக்கும் கதிர்களுக்கானது. ஆண்டெனாவின் முகத்துக்கு நேரே பிடித்தாலும் அசையாது.

ஆன்லைனில் வாங்கும் கைமீட்டர்களை அப்படி ஒதுக்க முடியாது. அவற்றுக்கு ஒரு வேலை உண்டு. ஆனால் பலர் வாங்குவது அந்த வேலைக்காக அல்ல. பரவலாக விற்கும் ட்ரைஃபீல்ட் டி.எஃப்.2-ஐப் பாருங்கள். ரேடியோ அலையில் அதன் உச்ச அளவு சதுர மீட்டருக்கு 19.999 மில்லிவாட். 900 மெகாஹெர்ட்ஸ் வரம்போ 450 மில்லிவாட். மீட்டரின் அளவுகோல் முடிந்து இருபத்திரண்டு மடங்கு கடந்த பிறகுதான் சட்டத்தின் கோடு வருகிறது. ஜெர்மன் தயாரிப்பான எச்.எஃப்.35சி-யின் உச்சம் 1,999 மைக்ரோவாட். நம் பால்கனியின் 11,500-க்கு அதன் திரையில் இடது ஓரம் ஒற்றை ‘1’ மட்டும் நிற்கும். அளவு மீறிவிட்டது என்று பொருள். இவை இரண்டும் மோசமான கருவிகள் இல்லை. வரம்பு மீறலைக் கண்டுபிடிக்கச் செய்யப்பட்டவை இல்லை, அவ்வளவுதான்.

பின் ஏன் சிவப்பு விளக்கு எரிகிறது? ஐரோப்பாவில் ‘கட்டட உயிரியல்’ என்ற இயக்கத்தார் படுக்கையறைக்கென ஒரு முன்னெச்சரிக்கை அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அதில் 1,000 மைக்ரோவாட்டைத் தாண்டினாலே உச்சக் கவலை. வீட்டு உபயோக மீட்டர்கள் பலவற்றின் விளக்கு நிறங்கள் இத்தகைய எண்களை ஒட்டியவை. நம் பால்கனி அந்த அளவுகோலில் உச்சத்தைப் பத்து மடங்குக்கு மேல் தாண்டுகிறது; சட்ட அளவுகோலில் நூற்றுக்கு இரண்டைத் தொடவில்லை. இந்த ஒரே இடைவெளியில்தான் சங்கக் கூட்டத்துச் சண்டைகள் பெரும்பாலும் நடக்கின்றன. இரு தரப்பும் கையில் வைத்திருப்பது உண்மையான அளவு; அளவுகோல்தான் வேறு.

எது சரி என்று கேட்பவர்களுக்கு நிலைமையை நேராகச் சொல்லலாம். ஐக்னிர்ப் வரம்புகள் உடலில் ஏற்படும் வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டவை. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2011 மே மாதம் ரேடியோ அலைகளை 2பி பிரிவில், ‘புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்’ என்ற வகையில் வைத்தது. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டபடி, ஆஸ்திரேலியக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு முகமையினர் தலைமையில் வந்த 2024 மறுஆய்வு, செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு காணவில்லை. சட்ட வரம்பு போதாது என்று நினைப்பவர் தன் வீட்டில் குறைத்துக்கொள்ள நியாயம் உண்டு. சுவிட்சர்லாந்து மக்கள் வசிக்கும் இடங்களில் ஒரு டவர் நிலையத்துக்கு மீட்டருக்கு 4 முதல் 6 வோல்ட் என்றே வைத்திருக்கிறது. ஆனால் முன்னெச்சரிக்கை எண்ணைச் சட்ட எண் போலக் காட்டிப் புகார் எழுதினால், அந்தப் புகார் முதல் மேசையிலேயே நின்றுவிடும்.

கைமீட்டரின் உண்மையான வேலை ஒப்பிடுவது. கட்டிலை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்தினால் குறைகிறதா, வீட்டு வைஃபை ரௌட்டரை அணைத்தால் எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு அது போதும். பல வீடுகளில் படுக்கையறையின் பெரும்பங்கு தலைமாட்டு ரௌட்டரிலிருந்து வருகிறது என்பது இப்படித்தான் தெரியவரும்.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை: உங்கள் போன் விமானப் பயன்முறையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் சட்டைப்பையிலிருக்கும் போனைத்தான் அளப்பீர்கள். டி.எஃப்.2 ரேடியோ அலையை ஒரே அச்சில் பிடிப்பது. மூன்று திசைகளில் திருப்பிப் பிடித்துப் பார்க்க வேண்டும். உடம்பே அலையை மறைக்கும், பிரதிபலிக்கும். கையை நீட்டிப் பிடியுங்கள். ஜன்னல் கிரில்லுக்கு ஒட்டினாற்போல வைத்தால் இரும்பின் பிரதிபலிப்பில் அளவு தாவும். அரை மீட்டராவது தள்ளி எடுங்கள். ‘பீக்’ என்ற நிலையில் இருந்தால் அது ஒரு கணத்தின் உச்சம். வரம்புகளோ சராசரிக்கானவை: ஐக்னிர்ப்பின் 1998 நெறிமுறையில் 6 நிமிடம், 2020 நெறிமுறையில் முழு உடலுக்கு 30 நிமிடம். மீட்டரின் அதிர்வெண் எல்லையையும் பாருங்கள். 2,500 மெகாஹெர்ட்ஸோடு நிற்கும் கருவிக்கு 3,300-க்கு மேல் ஓடும் 5ஜி தெரியவே தெரியாது. அங்கே வரும் ‘பூஜ்யம்’ வெறும் குருட்டுத்தனம்.

அரசு சோதனை

டவர் வரம்புக்குள் இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி என்றால், இதைவிட நேரான வழி இல்லை. தொலைத்தொடர்புத் துறை 2017-இல் ‘தரங் சஞ்சார்’ என்ற தளத்தைத் தொடங்கியது. உங்கள் பகுதி டவர்களின் இணக்க நிலையை அதில் இலவசமாகப் பார்க்கலாம். நேரடி அளவீடு வேண்டுமென்றால் 4,000 ரூபாய் கட்டணம் வைத்து விண்ணப்பிக்கும் வசதியும் அதில் வந்தது. அளப்பவர்கள் துறையின் களப் பிரிவினர். முன்பு டெர்ம் செல் என்ற பெயர், இப்போது எல்.எஸ்.ஏ. அவர்களுடைய அறிக்கைக்குத்தான் நடவடிக்கை எடுக்கும் பலம் உண்டு. மீறல் உறுதியானால் ஓர் அடிநிலையத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் ஏற்பாடு உள்ளது. தனியார் நிபுணர் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் அந்தக் கனம் வராது.

குறைகளும் உண்டு. வரும் குழு ‘உள்ளே, வெளியே’ என்ற தீர்ப்புக்காக அளக்கிறது. உங்கள் மகள் தூங்கும் அறையில் எந்த நிறுவனத்தின் எந்தப் பட்டை எவ்வளவு என்று பிரித்துத் தருவது அவர்கள் வேலை அல்ல. எந்த இடத்தில் நின்று அளப்பது என்பதைக் கேட்காமல் விட்டால் டவரின் காலடியிலும் தெருவிலும் முடிந்துவிடக்கூடும். காலடியில்தான் அளவு குறைவாக இருக்கும்! காரணத்தைக் கணக்கீட்டுப் பகுதியில் பார்ப்போம். எனவே விண்ணப்பத்திலேயே இடத்தைச் சொல்லுங்கள்: எந்த பிளாக், எத்தனையாவது மாடி, ஆண்டெனாவை நேராகப் பார்க்கும் பால்கனி எது. ஆண்டெனாவின் உயரத்துக்குச் சமமாகவோ ஓரிரு மாடி கீழாகவோ இருக்கும் வீட்டைத் தேர்ந்தெடுங்கள். குழு வரும் நாளில் அந்த வீட்டுக்காரர் கதவைத் திறக்க ஆள் வைத்திருக்கட்டும். இது சின்ன விஷயமாகத் தோன்றும். பூட்டிய வீட்டால் வீணான சோதனைக்கு மறுபடி விண்ணப்பம் போட வேண்டியிருக்கும்.

தனியார் நிபுணர்: இரண்டு வகைக் கருவி, இரண்டு வகை விடை

முதலில் ஆளை அடையாளம் காண்பது. ‘கதிர்வீச்சுப் பாதுகாப்பு’ என்று அட்டையில் போட்டிருப்பவர் எல்லாம் இந்தத் துறைக்காரர் அல்ல. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் எக்ஸ்ரே, சி.டி., கதிர்சிகிச்சை அறைகளுக்கானவர்; அவர் துறையில் அவர் வல்லவர், டவருக்கு அவர் ஆள் இல்லை. மின்காந்த இணக்கச் சோதனை செய்பவர், ஒரு கருவி இன்னொரு கருவியைக் குழப்புகிறதா என்று பார்ப்பவர். வண்டியில் ஊர் சுற்றி சிக்னல் பார்க்கும் டிரைவ் டெஸ்ட் பொறியாளருக்கு சிக்னல் தரம் தெரியும். அவருடைய ஆண்டெனா மனித உடலுக்கான மொத்த அளவைத் தருவதற்கு ஏற்றதல்ல. தேடவேண்டியவர் ‘மனித வெளிப்பாட்டு அளவீடு’ செய்பவர். சோதனை ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரத்தில், என்.ஏ.பி.எல். என்ற ஆய்வக அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் இருந்தால், அந்த அங்கீகாரத்தின் எல்லைப் பட்டியலில் இந்த அளவீடு இருக்கிறதா என்று தனியே கேளுங்கள். ஆய்வகத்துக்கு அங்கீகாரம் இருக்கும், கேபிள் சோதனைக்காக.

இனி கருவி. பிராட்பேண்ட் வகையில் (இணைய இணைப்பு அல்ல, அகன்ற அதிர்வெண் எல்லையை அளப்பது என்று பொருள்) கறுப்பு உருண்டை தலையுள்ள ஒரு புரோப், அதாவது உணரி; நார்டா என்.பி.எம்-550, வேவ்கன்ட்ரோல் எஸ்.எம்.பி.2 போன்றவை. மூன்று அச்சிலும் ஒருசேரப் பிடித்து, எல்லா அலைகளையும் கூட்டி ஒரே எண் தரும். வேகம் இதன் பலம். ஒரு காலைப் பொழுதில் மாடி, படிக்கட்டு, பத்து வீடு என்று சுற்றி அதிகமான இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் எந்த அதிர்வெண் என்று அதற்குத் தெரியாது. ஆகவே மொத்த எண்ணை மிகக் கடுமையான வரம்போடு ஒப்பிட்டுத்தான் பேச முடியும். நம் பால்கனியின் 2.08 வோல்ட்டை 850 மெகாஹெர்ட்ஸின் வரம்பான 12.65-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 2.7 சதவீதம். வரம்பைவிட இவ்வளவு கீழே இருக்கும்போது அந்த மிகைமதிப்பால் நஷ்டம் இல்லை. கேள்வி அங்கேயே தீர்ந்தது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பெரும்பாலான புரோப்களின் கீழ் எல்லை மீட்டருக்கு 0.2 முதல் 1 வோல்ட். படுக்கையறையில் 0.15 இருந்தால் திரையில் ஆடுவது கருவியின் சொந்த இரைச்சல். புரோப்பைக் கையில் வைத்து வீசி நடந்தால் நிலைமின்னூட்டத்தால் பொய்யளவு எகிறும். நின்று, நிலைத்து, பிறகு படிக்க வேண்டும்.

அதிர்வெண் பிரித்துக் காட்டும் கருவி அடுத்த வகை. 6 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும் நார்டா எஸ்.ஆர்.எம்-3006 இதற்குப் பெயர்போனது. விலை பல லட்சம், அதனால் வைத்திருப்பவர்கள் சிலரே, கட்டணமும் கூடுதல். இது பட்டை வாரியாகத் தரும். நம் பால்கனிக்கு ஒவ்வொரு அளவையும் அதனதன் வரம்பால் வகுத்து, வர்க்கப்படுத்திக் கூட்டினால் 0.0165, அதாவது 1.65 சதவீதம். பிராட்பேண்ட் சொன்ன 2.7-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே முக்கியமில்லை. ஆனால் பிராட்பேண்ட் 70, 80 சதவீதம் காட்டும் இடத்தில் இந்த வித்தியாசம்தான் தீர்ப்பையே மாற்றும். ஒரே கம்பத்தில் மூன்று நிறுவனம் இருக்கும்போது, மீறலுக்கு யார் பொறுப்பு என்று சொல்லவும் இது மட்டுமே வழி.

இதன் இன்னொரு பலம் முழுச் சுமைக்கு நீட்டிக் கணக்கிடுவது. மத்தியானம் இரண்டு மணிக்கு அளந்தால் டவர் அரைத் தூக்கத்தில் இருக்கும். இரவு ஒன்பதுக்கு ஊரே வீடியோ பார்க்கும். ‘நீங்கள் அளந்த நேரம் சரியில்லை’ என்ற வாதத்துக்கு முடிவு கட்டுவது இந்தக் கணக்குதான். எல்.டி.இ. எனப்படும் 4ஜியில் மாறாத வலிமையோடு ஓடும் குறிப்பு சிக்னல் ஒன்று உண்டு. 20 மெகாஹெர்ட்ஸ் பட்டை 1,200 துணை அலைகளாக (சப்கேரியர்) பிரிந்திருக்கும். ஒன்றின் குறிப்புத் திறனை அளந்து 1,200-ஆல் பெருக்கினால், டவர் முழு மூச்சில் இயங்கும்போது வரக்கூடிய உச்சம் கிடைக்கும். 100 மெகாஹெர்ட்ஸ் 5ஜிக்கு அதே எண் 3,276. அங்கே அனுப்பும் நேரமும் பெறும் நேரமும் மாறி மாறி வருவதால் அந்த விகிதத்தையும் சேர்க்க வேண்டும். நம் பால்கனியில் முழுச் சுமை நான்கு மடங்கு என்றே வைத்தாலும் 6.6 சதவீதம்தான்.

5ஜி ஒரு தனிச் சிக்கல். பழைய ஆண்டெனா எப்போதும் ஒரே பக்கம் விளக்குப் பிடித்தது போல நிற்கும். 5ஜியின் புது ஆண்டெனாக்கள் கேட்பவர் இருக்கும் திசைக்குக் கதிரைத் திருப்புபவை. உங்கள் வீட்டில் யாரும் 5ஜி பயன்படுத்தாத வேளையில் அளந்தால் அறிவிப்பு சிக்னல் மட்டும் லேசாகத் தெரியும். அறிந்த நிபுணர் ஒரு 5ஜி போனில் பெரிய கோப்பு ஒன்றை இறக்கவிட்டுக் கதிரைத் தன் பக்கம் இழுத்து அளப்பார்; போனே வெளிவிடும் அலை கலந்துவிடாதபடி அதைப் புரோப்பிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி வைப்பார். ‘5ஜியை எப்படி அளப்பீர்கள்?’ என்ற கேள்விக்கு இதைச் சொல்லத் தெரியாதவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இன்னும் வராத டவருக்குக் கணக்கீடு

மொட்டைமாடியை வாடகைக்கு விடும் முடிவில், நிறுவனம் தரவேண்டியது கணக்கீடு. இதைச் சங்கத்தில் ஒருவர் காகிதத்தில் சரிபார்க்கலாம். ஆண்டெனாவுக்குப் போகும் திறன் 40 வாட், ஆண்டெனாவின் பெருக்கம் 17 டெசிபெல், அதாவது 50 மடங்கு. முன்பக்கம் 2,000 வாட்டுக்குச் சமமான கதிர். இதை 4π பெருக்கல் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் திறன் அடர்த்தி. 900 மெகாஹெர்ட்ஸில் 0.45 வாட்டுக்கு இறங்கும் தூரம் 18.8 மீட்டர். ஓர் ஆண்டெனாவுக்கு நேரெதிரே கட்டடத்துக்குக் குறைந்தது 20 மீட்டர், இரண்டுக்கு 35 மீட்டர் என்று தொலைத்தொடர்புத் துறை பட்டியலிட்டது இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. அதே கம்பத்தில் 1800-க்கும் அதே அளவு ஆண்டெனா இருந்தால் 20 மீட்டரில் இரண்டு விகிதங்களும் சேர்ந்து 1.33 ஆகி வரம்பைத் தாண்டும். 25 மீட்டரில் 0.85. 20 மீட்டரில் தனித்தனியே பார்த்தால் இரண்டு ஆண்டெனாவும் தேறும், கூட்டினால் தோற்கும். புதிய நிறுவனம் கம்பத்தைப் பகிர்ந்துகொள்ள வரும்போது பழைய கணக்கு செல்லாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மேலே சொன்னது நேர்க்கதிருக்கு. ஒரு திசைப் பகுதிக்கு மட்டும் அனுப்பும் செக்டர் ஆண்டெனாவின் கதிர் மேலிருந்து கீழாக ஆறேழு டிகிரி அகலமே உள்ள தட்டையான விசிறி. 6 மீட்டர் கம்பத்தில் 4 டிகிரி சாய்வில் வைத்தால் கதிரின் மையம் மாடித் தளத்தின் மட்டத்துக்கு வர 86 மீட்டர் ஆகும். நேர் கீழே விழுவது பக்கக் கதிர்கள். 15 டெசிபெலுக்கும் மேல் குறைந்தவை, அதாவது முப்பதில் ஒரு பங்குக்கும் கீழ். போதாததற்கு நடுவே கான்கிரீட் தளம். ஆகவே டவரைத் தாங்கும் கட்டடத்தின் மேல்மாடிக்காரரைவிட, அதே உயரத்தில் எதிரே இருப்பவருக்குத்தான் கூடுதலாக வரும். வாடகை ஒருவருக்கு, கதிர் இன்னொருவருக்கு. இதை எதிர்வீட்டாரோடு முன்கூட்டியே பேசாமல் கையெழுத்திடும் சங்கங்கள் பிறகு வழக்கைச் சந்திக்கின்றன.

ஒரே ஒரு விதிவிலக்கைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். மாடியிலேயே, கைப்பிடிச் சுவரை ஒட்டி ஆள் உயரத்தில் ஆண்டெனா கட்டும் வழக்கம் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி கழுவ ஏறுபவர், ஏ.சி. மெக்கானிக், துணி உலர்த்தப் போகும் வீட்டு வேலைப் பெண் — இவர்கள் அதன் முகத்துக்கு நேரே ஓரிரு மீட்டரில் நிற்க நேரும். வீட்டுக்குள் இருப்பவர்களைவிட உண்மையான மீறல் இவர்களுக்குத்தான் நேரக்கூடும்; சங்கக் கூட்டத்தில் இவர்களுக்காகப் பேச யாரும் இருப்பதில்லை. ஆண்டெனாவின் அடிப்பாகம் தளத்திலிருந்து எவ்வளவு உயரம், முன்னே எத்தனை மீட்டர் ஆள் போகக்கூடாத பகுதி, அங்கே தடுப்பும் தமிழில் எச்சரிக்கைப் பலகையும் உண்டா, பழுது பார்க்கும்போது திறனைக் குறைக்க எந்த எண்ணை அழைப்பது — நான்கையும் ஒப்பந்தத்தில் கேளுங்கள்.

50 ஹெர்ட்ஸ் வேறு கதை

டவரை அளக்க வந்தவரிடமே ‘அந்த டிரான்ஸ்ஃபார்மரையும் பாருங்கள்’ என்று கேட்பார்கள். மின்சாரம் ஓடும் 50 ஹெர்ட்ஸை ரேடியோ புரோப் பார்க்காது; காந்தப்புலத்துக்குத் தனிக் கருவி, முன்பே சொல்லிவைக்க வேண்டும். மீட்டர் பேனல் அறைக்கு மேல் வீட்டிலோ, அதன் சுவரை ஒட்டிக் கட்டில் போட்ட அறையிலோதான் இது வரும். ஒன்றிரண்டு மீட்டர் தள்ளினாலே சரசரவென்று இறங்கிவிடும். ஐக்னிர்ப்பின் 2010 பொதுமக்கள் வரம்பு 200 மைக்ரோடெஸ்லா. குழந்தைகளின் ரத்தப் புற்று பற்றிய ஆய்வுகள் புள்ளிவிவரத் தொடர்பு கண்டது சராசரியாக 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல். காரணம் அதுவே என்று நிறுவப்படவில்லை. இந்த ஒரு வேலைக்குக் கைமீட்டர் நன்றாகவே உதவும். டி.எஃப்.2 காந்தப்புலத்தை மூன்று அச்சிலும் பிடிக்கும். 10 மில்லிகாஸ் என்பது 1 மைக்ரோடெஸ்லா. கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றுவது செலவில்லாத தீர்வு.

எங்கள் தேர்வு

நிற்கும் டவர் பற்றிய சந்தேகத்துக்கு: தளத்தில் இலவசமாகப் பார்த்துவிட்டு, திருப்தி இல்லையென்றால் அரசு சோதனை. இங்கே தனியாரை முதலில் அழைப்பது பணத்தை இருமுறை செலவழிப்பது. உடல்நிலைக் கவலையால் தன் வீட்டு அளவைத் தெரிந்துகொள்ள விரும்புபவர், மீட்டர் வாங்குவதற்குப் பதில் பத்து வீடு சேர்ந்து ஒரு நாள் பிராட்பேண்ட் நிபுணரை அழைப்பது நல்லது. மீட்டர் வாங்கினால் தினமும் எடுத்துப் பார்க்கத் தோன்றும், அலைச்சலும் பயமும்தான் மிஞ்சும். அதிர்வெண் பிரிக்கும் கருவியைச் சண்டை, வழக்கு, அல்லது பிராட்பேண்ட் அளவு வரம்பில் பாதியைத் தாண்டிய இடம் ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் பேசும் நிலையில் கணக்கீடு, டவர் ஓடத் தொடங்கிய மாதத்தில் ஒரு சோதனை, நிறுவனமோ பட்டையோ கூடும்போதெல்லாம் இன்னொன்று.

தடுப்புப் பொருள் விற்பவரிடம் அளவீட்டை ஒப்படைக்காதீர்கள். ஜன்னலுக்கு ஒட்டும் உலோகப் படலம் வெளியலையைக் குறைப்பது உண்மை. ஆனால் வீட்டுக்குள் சிக்னல் நலிந்தால் உங்கள் போன் டவரை எட்டத் தன் திறனைக் கூட்டும், அதுவும் காதுக்கு ஒட்டி. போனில் ஒட்டும் சிப், ஸ்டிக்கர் வகைகளால் டவரின் அளவில் ஒன்றும் மாறாது.

நிபுணர் கையில் தரும் அறிக்கையில் கடைசியாகப் பார்க்க வேண்டியவை: கருவி, புரோப்பின் வரிசை எண், அளவுத்திருத்தச் சான்றின் தேதி, ஒவ்வோர் இடத்திலும் தளத்திலிருந்து 1.1, 1.5, 1.7 மீட்டர் உயரங்களில் எடுத்த அளவும் அவற்றின் சராசரியும். எத்தனை நிமிடச் சராசரி. முழுச் சுமைக்கு எந்தப் பெருக்கி. நிச்சயமின்மை எத்தனை டெசிபெல். கள அளவீட்டில் 3 டெசிபெல் என்பது சாதாரணம். வாட்டில் பாதி அல்லது இருமடங்கு. அதனால் 1.65 சதவீதம் 3.3 ஆனாலும் கவலையில்லை, 80 சதவீதம் என்று வந்த இடத்தை மட்டும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். நிச்சயமின்மை பற்றி ஒரு வரிகூட இல்லாத அறிக்கைக்குப் பணம் கொடுக்கும் முன் அந்த வரியைக் கேட்டு வாங்குங்கள்.